‘அந்த சீன்’ எப்போ வரும்?

2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. நான்கு நாள் முன்புதான் வருமான வரித் துறையினர் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே வந்து விஜய்யைச் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவரைப் பார்க்க ஊரே திரண்டது. அவர் ஒரு வேன் மேல் ஏறி நின்று, கூட்டத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தார். மறுநாள் நெய்வேலிக்கு நன்றி சொல்லி அதை ட்விட்டரில் போட்டார். அந்த வருஷம் இந்தியாவிலேயே அதிகம் ரீட்வீட் ஆனது அந்தப் படம்தான்.

அந்த மறுநாள் காலையில்தான் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து இன்னொரு சேதியும் வந்தது. போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கர் வாங்கியிருந்தது. ஆங்கிலம் அல்லாத ஒரு படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது அதுதான் முதல் தடவை. அடுத்த சில நாளில் தயாரிப்பாளர் பி.எல்.தேனப்பன், ‘இது எங்கள் மின்சாரக் கண்ணாவின் கதை, வழக்குப் போடப் போகிறேன்’ என்று கிளம்பினார். 1999-ல் கே.எஸ்.ரவிக்குமார் இயக்கத்தில் விஜய் நடித்த படம். பணக்கார வீட்டுக்குள் ஒரு குடும்பமே உறவை மறைத்து வேலைக்குச் சேருகிற கதை. வேன் மேல் நின்றவரின் பழைய படத்தைத்தான் கொரியாக்காரன் சுட்டுவிட்டான் என்றால், அந்தக் கொரியப் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வழக்குப் பேச்சால் தேனப்பனுக்குக் கிடைத்தது என்னவாயினும், ‘பாரசைட்’டுக்கு அதைவிட நல்ல தமிழ் விளம்பரம் கிடைத்திருக்காது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கொரியப் படங்கள் வீட்டுக்குள் வந்தன. ‘ட்ரெய்ன் டு பூசான்’, ‘ஓல்ட்பாய்’, ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ என்று ஒரு வரிசை முடிந்த பிறகு, ‘இதைப் பாத்தியா மச்சி, வேற லெவல்’ என்ற சிபாரிசோடு இன்னொரு வரிசை ஆரம்பித்தது. போஸ்டரில் அரைகுறை உடையில் ஒரு பெண், ‘18+’ என்று சிவப்பு வட்டம், கீழே பெரிய திரைப்பட விழா ஒன்றின் முத்திரை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வரிசையைப் பற்றியது. அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன ஒரே விமர்சனத்தைப் பற்றியது: செம மொக்க.

இந்த ஏமாற்றத்தைப் பேச நெய்வேலியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இது தியேட்டரை நம்பி மட்டும் படம் பார்க்கிற ஊர் அல்ல. 1956-ல் பொதுத்துறை நிறுவனம் வந்து, காட்டையும் கிராமங்களையும் எடுத்துக்கொண்டு, வட்டம் வட்டமாகக் கோடு கிழித்துக் கட்டிய ஊர். ஷிஃப்ட் கணக்கில் தூங்கி எழுகிற ஊர். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கி எழுந்து மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பள்ளியில், மனைவி வேலையில். அப்ரன்டிஸ் பையன்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நான்கைந்து பேராக ஒரு அறையைப் பிடித்துத் தங்கியிருப்பார்கள். கையில் போன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, தனிமை இருக்கிறது. போதாக்குறைக்கு, 1998-லிருந்து என்.எல்.சி. நடத்துகிற புத்தகக் கண்காட்சியில் உலக சினிமா பற்றிய தமிழ்ப் புத்தகங்களையும் புரட்டிப் பார்க்கிற ஊர். ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் மாதிரியான எழுத்தைப் படித்துவிட்டு, டி.வி.டி. காலத்தில் சென்னை பர்மா பஜாருக்குப் போகிறவனிடம் பட்டியல் எழுதிக் கொடுத்த அண்ணன்மார்கள் இது போன்ற ஊர்களில்தான் இருந்தார்கள். ஆக, கொரியக் கலைப்படம் இங்கே இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று புத்தகம், இன்னொன்று தம்ப்நெயில். தம்ப்நெயில் வாசல் கொஞ்சம் அகலம்.

அந்த வாசலில் நுழைகிற அறை எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் எந்த ஆண்பிள்ளைக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. கதவு தாழ்ப்பாள் போட்டாயிற்று. லேப்டாப் தலையணை மேல். முதல் இருபது நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் தொடங்கும்.

“டேய், எங்கடா அது?”

“வரும்டா, இரு.”

“ஒரு மணி நேரமா மீன் புடிச்சிட்டே இருக்கான்டா!”

“ஓட்டி வுடு மச்சி.”

ஓட்டிவிடுகிறார்கள். பத்துப் பத்து வினாடியாகத் தாண்டித் தாண்டி, கடைசியில் ‘அது’ வருகிறது. வந்ததும் அறையில் ஒரு சங்கடமான அமைதி. கிளுகிளுப்புக்குத் தயாராக இருந்தவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அங்கே நடப்பது இரண்டு பேர் சந்தோஷமாக இருப்பது அல்ல. ஒருத்தி அழுவதா வேண்டாமா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் பிணம் மாதிரி கிடக்கிறான். லேப்டாப்பை மூடுகிறார்கள். சிபாரிசு செய்தவனுக்கு அன்று இரவு நல்ல பூஜை.

மீன் பிடிக்கிற அந்தப் படம் ‘தி ஐல்’. கிம் கி-டுக் 2000-ல் எடுத்தது. மூடுபனி சூழ்ந்த ஒரு ஏரி. நீர் மேல் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக மிதக்கும் சின்னச் சின்ன வீடுகள். தூண்டில் போட வருகிறவர்கள் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். படகில் போய் அவர்களுக்குப் புழுவும் சாப்பாடும் காபியும் விற்கிற பெண் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. கரையிலிருந்து வேறு பெண்களைப் படகில் கூட்டி வந்து விடுவதும் அவள்தான். சில இரவுகளில் தானே போவதும் உண்டு. கொலை செய்துவிட்டு ஒளிந்துகொள்ள ஒருவன் வந்து சேருகிறான். போலீஸ் வரும்போது அவன் தூண்டில் முட்களை விழுங்குகிறான். கயிற்றைப் பிடித்து அவனை நீருக்கடியிலிருந்து இழுத்து எடுக்கிறாள் அவள்.

இந்தப் படத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது படுக்கைக் காட்சி எதுவும் அல்ல. குடித்துவிட்டு உல்லாசமாக இருக்கும் ஒருவன் பிடித்த மீனின் ஒரு பக்கச் சதையை உயிரோடு சீவி எடுத்துத் தின்றுவிட்டு, மிச்ச மீனைத் திரும்ப ஏரியில் விட்டுவிடுகிறான். படத்தில் பிறகு ஓரிடத்தில் அதே மீன் மறுபடி தூண்டிலில் மாட்டுகிறது. ஒரு பக்கம் இல்லாமலே நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஓட்டி ஓட்டிப் பார்த்தவன் இந்த மீனை நிச்சயம் தவறவிட்டிருப்பான். அது தெரியாவிட்டால் பிறகு அவள் தன் உடம்பை என்ன செய்துகொள்கிறாள் என்பது வெறும் கோரமாகத்தான் தெரியும். வெனிஸ் விழாவில் இதைப் பார்த்த பத்திரிகையாளர்களே மயங்கி விழுந்ததாகவும் வாந்தி எடுத்ததாகவும் செய்தி வந்தது. வெனிஸுக்கே அந்தக் கதி என்றால், பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவனை என்ன சொல்ல?

இப்படி மயங்கி விழுவது நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குக் கிம் கி-டுக் நேரில் வந்தார். ஒரு நட்சத்திரத்தைச் சூழ்வது போல அவரைச் சூழ்ந்துகொண்டது கேரளா. சொந்த நாட்டில் பாதி காலியான அரங்குகளுக்குப் பழகியிருந்த மனிதர் அவர். 2006-ல் இனி என் படத்தைக் கொரியாவில் திரையிடவே மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு, பிறகு மன்னிப்பும் கேட்டவர். அதே விழாவில் அவருடைய ‘மோபியஸ்’ ஓடியது. வசனமே இல்லாத படம். கொரியத் தணிக்கை வாரியம் இரண்டு முறை திருப்பி அனுப்பி, வெட்டிய பிறகே அங்கு வெளியானது. திருவனந்தபுரத்தில் பார்வையாளர் ஒருவர் அரங்கிலேயே மயங்கிவிட்டார்.

நம்மூர் ‘பிட்டு’ நீதி

படத்தில் ‘அது’ இல்லை என்று ஏமாந்து போவது தமிழனுக்குப் புது அனுபவமா என்ன? எழுபதுகளின் கடைசியிலிருந்து நம் சின்ன ஊர்த் தியேட்டர்களின் காலைக்காட்சி இதில்தான் பிழைத்தது. 1978-ல் ஐ.வி.சசியின் ‘அவளுடே ராவுகள்’ வந்தது. பாலியல் தொழிலாளியான ஒரு பெண்ணை மனுஷியாகப் பார்க்க முயன்ற படம். அதே ஆண்டு பத்மராஜன் எழுத, பரதன் இயக்கிய ‘ரதிநிர்வேதம்’. விடலைப் பையன் ஒருவனின் மயக்கத்தையும் அதன் முடிவையும் சொல்கிற, இன்றைக்கும் மதிப்போடு பேசப்படுகிற படம். நம் பக்கத்துச் சுவரொட்டியில் இவை எப்படி வந்தன? ஒரு தொடை, ஒரு முதுகு, பெரிய ‘ஏ’. கேரளத்தின் நல்ல இயக்குநர்கள் இருவர், தமிழ்நாட்டுப் போஸ்டர்காரர்கள் கையில் பலான படக்காரர்களாக ஆனார்கள். ‘மலையாளப் படம்’ என்ற சொல்லே நம்மிடம் கெட்ட வார்த்தையாகிப் போனது அப்படித்தான். மலையாளிகளுக்கு இதில் இன்றும் வருத்தம் இருக்கிறது, நியாயமான வருத்தம்.

ஆனால் அந்தக் காலத்துத் தியேட்டரில் ஏமாந்த ரசிகனுக்கு ஒரு நிவாரணம் இருந்தது. கதை நீண்டுகொண்டே போனால் பின் வரிசையிலிருந்து விசில் வரும், பெஞ்சைத் தட்டுவார்கள், “பிட்டப் போடு!” என்று குரல் எழும். ஆபரேட்டர் ரூமில் எங்கிருந்தோ வந்த துண்டு ரீல் ஒன்று தயாராக இருக்கும். படத்துக்குச் சம்பந்தமே இல்லாத, வேறு முகம், வேறு கட்டில், சில நேரம் வேறு தேசம். மூன்று நிமிடம் அது ஓடும். பிறகு விட்ட இடத்திலிருந்து கதாநாயகி கண்ணீரோடு தொடர்வாள். சட்டப்படி குற்றம். கலைப்படி கொலை. ஆனாலும் வாங்கிய காசுக்குச் சொன்ன சரக்கைக் கொடுத்துவிடுகிற ஒரு வியாபார நேர்மை அதில் இருந்தது. இன்றைக்குத் தம்ப்நெயில் போடுகிறவனிடம் அதுகூடக் கிடையாது.

‘அவார்டு படம்’ என்று தமிழில் ஒரு வசைச்சொல் இருக்கிறதே, அதுவும் ஏறக்குறைய அதே காலத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். தமிழ் முறை எப்போதோ ஒரு தடவை வரும். மற்ற வாரமெல்லாம் வங்காளமோ அசாமியோ, கீழே ஆங்கில எழுத்து. ஒரு பெரியவர் வயலில் நடப்பார், நடப்பார், நடந்துகொண்டே இருப்பார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். இந்த இரண்டு பழைய ஏமாற்றங்களும், போஸ்டர் பார்த்து ஏமாந்ததும் அவார்டு படம் பார்த்துத் தூங்கியதும், ஒரே டிக்கெட்டில் கிடைப்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கொரியப் படம்.

கொரியாக்காரன் ஏன் இப்படி எடுக்கிறான்?

அங்கேயும் ஒரு காலைக்காட்சிக் காலம் இருந்தது, ஆனால் அது நள்ளிரவுக் காட்சி. 1980-ல் குவாங்ஜு நகரத்து எழுச்சியை ராணுவத்தை விட்டு நசுக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்த சுன் டு-ஹ்வான், மக்களின் கவனம் அரசியல் பக்கம் போகாமல் இருக்கத் திரை, விளையாட்டு, பாலியல் மூன்றையும் அவிழ்த்துவிட்டார் என்று அந்நாட்டவர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் மூன்றும் ‘எஸ்’ஸில் தொடங்குவதால் ‘3எஸ் கொள்கை’ என்று அதற்குப் பெயர். 1982 ஜனவரியில் பல்லாண்டுகளாக இருந்த இரவு ஊரடங்கை எடுத்தார்கள். அடுத்த மாதமே ‘மேடம் ஏமா’ வந்தது. புறக்கணிக்கப்பட்ட மனைவி ஒருத்தியின் தாபத்தைச் சொல்லும் படம், நள்ளிரவுக் காட்சியாகவே தொடங்கியது. சோல் நகரில் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அரசியல் பேசினால் கத்தரி, படுக்கையறைக்குக் கொஞ்சம் கண்ஜாடை. பாகம் பாகமாகத் தொடர்ச்சிகள் வந்துகொண்டே இருந்தன.

படம் எடுத்துவிட்டு வாரியத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கொரியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு வந்த இயக்குநர்கள் கையில் காமம் வேறு பொருளாகிவிட்டது. ஜாங் சுன்-வூவின் ‘லைஸ்’ 1999-ல் வெனிஸ் போட்டிக்குப் போனது. அதன் மூலக் கதையை எழுதிய ஜாங் ஜங்-இல் அந்த நாவலுக்காகவே சிறைக்குப் போனவர். சிற்பி ஒருவனும் பள்ளி முடிக்கும் வயதுப் பெண் ஒருத்தியும் விடுதி விடுதியாக அலைந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிற படம். பார்க்கச் சிரமம். ஆனால், மக்களைத் தூங்கவைக்க ஆட்சியாளர்கள் ஊட்டிய பண்டத்தை மறுபடி இனிப்பாகக் கொடுக்க அந்தத் தலைமுறைக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். உடம்பைக் காட்டுவார்கள், கிளர்ச்சியை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஹோங் சாங்-சூவின் ஆரம்பக் காலப் படங்களைப் பாருங்கள். குடிக்கிறார்கள், உளறுகிறார்கள், விடுதி அறைக்குப் போகிறார்கள், ஒருவருக்கொருவர் அசட்டுத்தனமாக ஏதோ செய்துகொள்கிறார்கள். மறுநாள் காலையில் இருவருக்கும் கூச்சம். அவ்வளவுதான் படம்.

சொல்லப்போனால், எல்லோரும் பார்த்த ‘பாரசைட்’டிலேயே இதற்கு ஒரு பாடம் இருந்தது. பணக்காரக் கணவனும் மனைவியும் சோபாவில் நெருங்குகிறார்கள். கீழே, மேஜைக்கு அடியில், அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். மேலே இருப்பவன், தன் டிரைவர் மீது அடிக்கிற வாடையைப் பற்றிப் பேசுகிறான். அந்த டிரைவர் கீழே படுத்தபடி தன் சட்டையை இழுத்து முகர்ந்து பார்க்கிறார். போங் ஜூன்-ஹோ நம்மைச் சோபாவை மட்டும் பார்க்கவிடவில்லை. மேஜைக்கு அடியிலும் பார்க்கவைத்தார். குடும்பத்தோடு பார்த்தவர்கள் அந்த இடத்தில் ரிமோட்டைத் தேடியிருப்பார்கள். தேடிய நேரத்தில் சட்டையை முகரும் காட்சி போயிருக்கும். படத்தின் கடைசிக் கத்திக்குத்து ஏன் என்று புரியாமலும் போயிருக்கும்.

பன்னிரண்டு நிமிடத்தில் முழுப்படம்

ஏமாற்றத்துக்கு இன்னொரு கூட்டாளி உண்டு. யூடியூபின் தமிழ் வாய்ஸ் ஓவர் சேனல்கள். இரண்டு மணி நேரப் படத்தைப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் கதையாகச் சொல்லிவிடுவார்கள். வாயில் நுழையாத கொரியப் பெயர்களுக்குப் பதில் ‘நம்ம ஹீரோ’, ‘நம்ம ஹீரோயின்’, சில நேரம் குமார், ரமேஷ். படுக்கைக் காட்சி வரும்போது மங்கலாக்கிவிட்டு, குரலில் ஒரு குறும்புச் சிரிப்போடு கடந்துவிடுவார்கள். மோசமான கலை அல்ல அது. ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுக்கொண்டே கேட்கத் தோதான கதாகாலட்சேபம். என் குறை வேறு. பன்னிரண்டு நிமிடக் கதையில் சம்பவங்கள் மட்டும்தான் மிஞ்சும்: கொன்றான், ஓடினான், தூண்டிலை விழுங்கினான், அவள் காப்பாற்றினாள். கேட்டவன் ‘அட, செம த்ரில்லர்!’ என்று மூலப் படத்தைத் தேடிப் போகிறான். அங்கே அதே சம்பவங்களுக்கு நடுவே தண்ணீர், பனி, படகு, பேசாத முகம். கதை முன்பே தெரிந்துவிட்டதால் காத்திருக்கவும் காரணம் இல்லை. இந்த வகைப் படத்தின் சரக்கே அந்த நடுவில் இருப்பதுதான். அதைக் கழித்துவிட்டுக் கதையைச் சொன்னவன்தான் ஆசையையும் மூட்டுகிறான், ஏமாற்றத்தையும் முன்கூட்டியே தயார் செய்துவைக்கிறான்.

‘தமிழனுக்குப் பொறுமை இல்லை, மெதுவான படம் ஓடாது’ என்று இதற்கு ஒரு சுலபமான விளக்கம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23-ல் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ வந்தபோது இதைத்தான் சொன்னார்கள். பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன். பின்னணி இசை கிடையாது. ஒரு குடும்பம் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரைப் பார்க்கப் போகிறது, போகிறது. முடிவையும் நம் கையில் விட்டுவிடுகிறார்கள். ‘விடுதலை’, ‘கருடன்’ சூரியை எதிர்பார்த்து வந்தவர்கள் விளக்கு எரிந்ததும் ‘அவ்ளோதானா?’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் அமீர், இந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று மேடையில் பேசினார். அதில் அக்கறையும் இருந்தது என்பதால் அவரைத் திட்டத் தோன்றவில்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படத்தின் வேகம் அங்கே பிரச்சினை ஆகவில்லை. சூரி முகத்தை வைத்து மனதில் எழுப்பிக்கொண்ட படம் ஒன்று, திரையில் வந்தது இன்னொன்று.

மெதுவான கதை தமிழ் வீட்டுக்கு ஆகாது என்பதற்கு அதே நெய்வேலிக் குவார்ட்டர்ஸின் இன்னொரு அறையே எதிர்ச்சாட்சி. அங்கே அக்காவும் தங்கையும், பல வீடுகளில் அம்மாவும், கொரியத் தொடர் பார்க்கிறார்கள். இது நெட்ஃப்ளிக்ஸுக்கு முன்பே ஆரம்பித்தது. 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ மாதிரித் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியபோது பள்ளி விட்டு ஓடி வந்து பார்த்த பெண்பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். கொரியத் தொடர் என்றால் வழக்கமாகப் பதினாறு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கையைத் தொடவே நான்கு எபிசோட் ஆகும். முதல் முத்தத்துக்கு எட்டு. குடை பிடித்துக்கொண்டு இருவர் நடப்பதை மூன்று கோணத்தில் காட்டுவார்கள். யாரும் ‘லேக்’ என்று சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமே என்கிறார்கள். என்ன கிடைக்கும் என்று தெரிந்து உட்கார்ந்தவர்களுக்குத் தாமதமும் ருசிதான்.

‘அந்த சீன்’ என்று தேடுகிற பேச்சு முழுக்க ஆண்களுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தப் படங்களைப் பார்த்த பெண்களின் ஏமாற்றம் வேறு திசையில் இருக்கிறது. சீன் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி அல்ல. சீன் ஏன் எப்போதும் அவள் உடம்பின் மீதே எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியிலிருந்து கிம் கி-டுக் தப்ப முடியாது. ‘மோபியஸ்’ படப்பிடிப்பில் தன்னை அறைந்ததாகவும், ஒப்புக்கொள்ளாத காட்சியில் நடிக்கக் கட்டாயப்படுத்தியதாகவும் ஒரு நடிகை 2017-ல் புகார் கொடுத்தார். அறைந்ததற்காகக் கிம்முக்கு 50 லட்சம் வொன் அபராதம் விதிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் எம்.பி.சி. தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியில் மேலும் பெண்கள் பேசினார்கள்; பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் அவை. அவர் மறுத்தார், வழக்குப் போட்டார், தோற்றார். நாட்டை விட்டுப் போனார். 2020 டிசம்பர் 11-ல் லாட்வியாவில் கொரோனாவில் இறந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஆலைகளில் வேலை பார்த்து, சினிமாப் பள்ளிப் பக்கமே போகாமல், 2012-ல் ‘பியெத்தா’வுக்காக வெனிஸின் தங்கச் சிங்கம் வரை போன மனிதர். அந்தக் கதையை நாம் எல்லோரும் புல்லரித்து எழுதினோம். பரிசு கொடுத்த ஊர்களும் சரி, விழா இதழ்களும் சரி, அந்தக் காட்சிகள் எப்படி எடுக்கப்பட்டன என்று அப்போது கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு ‘என்னமோ தப்பா இருக்கு மச்சி’ என்று சொன்ன பையனின் அருவருப்பு, சில விமர்சகர்களின் ரசனையைவிட நேர்மையானது. ‘தி ஐல்’ படத்தில் அந்த மீனைச் சீவியதும் நிஜமாகத்தான். பிரிட்டனின் தணிக்கை வாரியம் அதில் விலங்குகளை வதைக்கும் பகுதிகளை வெட்டியே வெளியிட்டது.

பார்க் சான்-வூக்கின் ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016) படத்தில் இரண்டு பெண்களுக்கிடையிலான நெருக்கக் காட்சிகள் நீளமானவை. அவற்றை எடுத்தபோது ஆண் தொழிலாளர்களை வெளியே அனுப்பிவிட்டு, கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கினார்கள். அப்படியும் அது ஆணின் பார்வைதானே என்ற விமர்சனம் வந்தது. வரட்டும். ஆனால் அங்கே நடிகைகள் நடித்தார்கள், வதைபடவில்லை. இந்த வித்தியாசம் திரையில் தெரியும் என்றுதான் நம்புகிறேன்.

ஆகவே, ஏமாந்தவர்களிடம் ‘உனக்கு ரசனை போதாது’ என்று சொல்ல மாட்டேன். ‘மொக்க’ என்பதும் ஒரு விமர்சனம்தான். மெதுவாக நகர்வதாலேயே ஒரு படம் ஆழமாகிவிடாது. உடம்பைச் சோகமாகக் காட்டுவதாலேயே கலையாகிவிடாது. விழாவுக்கென்றே தைத்த படங்கள் கொரியாவிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆனால் அத்தனையையும் ஒரே கோணியில் போட்டு மூடுவதற்கு முன்னால் லீ சாங்-டாங்கின் ‘பொயட்ரி’யை (2010) பார்த்துவிடச் சொல்வேன். கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது வாங்கிய படம். எடுத்தவர் எழுத்தாளர், கொரியாவின் கலாசார அமைச்சராகவும் இருந்தவர்.

மீஜாவுக்கு அறுபதுகளில் வயது. பேரனை வளர்க்கிறாள், கவிதை வகுப்புக்குப் போகிறாள், வார்த்தைகள் மறக்கத் தொடங்கியிருக்கின்றன. வாதத்தில் ஒரு பக்கம் விழுந்த கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டிவிடுவது அவள் பிழைப்பு. பேரனும் கூட்டாளிகளும் ஒரு பள்ளி மாணவியைச் சீரழித்து, அவள் ஆற்றில் குதித்துச் செத்துப்போகிறாள். பையன்களின் அப்பாக்கள் கூடிப் பேசி, பெண்ணின் தாய்க்குப் பணம் கொடுத்து வாயை மூடத் தீர்மானிக்கிறார்கள். மீஜாவின் பங்கு 50 லட்சம் வொன். அவளிடம் இல்லை. ஒருமுறை கோபத்தோடு தட்டிவிட்ட அந்தக் கிழவரின் ஆசைக்கு, இன்னொரு நாள் தானே போய்க் குளியல் தொட்டியில் இறங்குகிறாள். படத்தின் ஒரே பாலியல் காட்சி அதுதான். கிளர்ச்சி துளியும் இல்லை. அவள் அதை இரக்கத்தால் செய்தாளா, பணத்துக்காகவா, செத்த பெண்ணின் உடம்பு பட்டதைத் தானும் பட்டுப் பார்க்கவா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அவரிடம் பணம் கேட்கிறாள், காரணம் சொல்லாமல். அந்தக் காட்சிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அவளோடு பஸ்ஸில் போகாமல், ஆப்பிளை உற்றுப் பார்க்காமல், ஆற்றங்கரையில் மழையில் நனையாமல் நேரே அங்கே தாண்டிப் போனவனுக்கு, ஒரு கிழவியும் கிழவரும் தொட்டியில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஓட்டிவிட்டுச் சிரிப்பான்.

இதையெல்லாம் தனித்தனி அறையில் தாழ்ப்பாள் போட்டுத்தான் பார்க்க வேண்டுமா? புத்தகக் கண்காட்சியில் குறும்படப் போட்டியே நடத்திய ஊர் நெய்வேலி. பதினொன்றாம் வட்டத்தில் லிக்னைட் ஹால் இருக்கிறது. தணிக்கைச் சான்று இல்லாத வெளிநாட்டுப் படத்தை விழாவில் திரையிட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வாங்க வேண்டும். காகித வேலை கொஞ்சம் உண்டு, செய்யக்கூடியதுதான். சென்னையில் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து வருஷா வருஷம் செய்துவருகிறது; 2006-ல் தொடங்கிய இன்கோ மையம் கொரியப் படங்களுக்கென்றே விழா எடுக்கிறது. கண்காட்சி சமயத்தில் ஒரு சாயங்காலம் ‘பொயட்ரி’யைப் போடட்டும். வாசலில் தமிழில் ஒரு போர்டு வைக்கட்டும்: பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். 139 நிமிடம். சண்டை இல்லை, பாட்டு இல்லை, நீங்கள் நினைக்கிற அந்த சீனும் இல்லை. அதைப் படித்துவிட்டும் உள்ளே வருகிற நாற்பது பேர் போதும். மற்றவர்களுக்கு வெளியே மிளகாய் பஜ்ஜிக் கடை இருக்கும்.